பிச்சை என்று ஏன் பெயர் வைத்தார்கள், இப்போது ஏன் யாரும் வைப்பதில்லை?

என் அப்பா பெயர் பிச்சைமுத்து. என் இன்ஷியலே அதுதான் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

பிச்சை என்றதும் கையேந்தி நிற்பவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். வடமொழி பிக்ஷாவிலிருந்து வந்த சொல். கேட்பதும் பிச்சை, கேட்டுக் கிடைத்ததும் பிச்சை. உயிர்ப்பிச்சை, மடிப்பிச்சை, தாலிப்பிச்சை என்கிறோமே, அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். மடியேந்தி நின்றது பெற்றவள். பிள்ளை, சாமி போட்ட பிச்சை.

ஆச்சிக்கு அப்பாவுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து ஒன்றுகூடத் தங்கவில்லை. நாலாவதாக அப்பா பிறந்ததும் சொளகில் கிடத்திப் பக்கத்து வீட்டு மதினி கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு உழக்குத் தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே திரும்ப வாங்கியிருக்கிறாள். இது தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று எமன் விட்டுவிட வேண்டும், அதற்குத்தான் அத்தனையும். மூக்கும் குத்தியிருக்கிறார்கள். அப்பாவின் வலது மூக்கில் அந்தத் தழும்பு இன்றும் மிளகளவு தெரியும். குப்புசாமி, குப்பம்மாள், மூக்கன், மூக்காயி எல்லாம் பெரும்பாலும் இப்படிப் பயந்து பயந்து வைத்த பெயர்கள்தான். தயவுசெய்து இவற்றை 'போதும்பொண்ணு'வோடு சேர்க்காதீர்கள். அது பெண் பிள்ளை போதும் என்று சொன்ன பெயர், இது எப்படியாவது தங்கிவிடு என்று கெஞ்சின பெயர்.

சிவனே பிச்சையெடுக்கும் கோலத்தில் பிச்சாடனர் இல்லையா. திருச்சி பக்கம் பிச்சாண்டார்கோவில் என்று ஊரே இருக்கிறது, பிச்சாண்டி என்ற பெயரும் அந்த வழிதான். வேங்கட மகாலிங்கம் என்ற இயற்பெயர் கொண்டவர்தான் எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தி என்று அறியப்பட்டார், 'பிக்ஷு' என்ற புனைபெயரிலும் எழுதினார். தென்மாவட்டங்களில் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிச்சை உண்டு.

சரி, ஏன் குறைந்தது? 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் அது 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகு எமனை ஏமாற்றப் பெயர் தேட வேண்டிய தேவை போய்விட்டது, இதைவிட நல்ல காரணத்துக்காக ஒரு பெயர் வழக்கொழிய முடியாது என்றே நினைக்கிறேன். கேலி இன்னொரு காரணம். பள்ளிக்கூடத்தில் இன்ஷியலை விரித்துச் சொல்லச் சொன்னபோது வகுப்பே சிரித்தது, அதற்கப்புறம் பல வருஷம் வெறும் 'பி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2015-இல் கூகுளின் தலைமைக்கு வந்த சுந்தர் பிச்சையால் உலகத்துக்கே தெரிந்த பெயர் இது, ஆனால் அவருக்கும் அது அப்பா பெயரிலிருந்து வந்ததுதான். இன்று பிறக்கிற பிள்ளைக்கு யாரும் வைத்து நான் பார்க்கவில்லை.

என் கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் வந்தபோது அப்பா பெயர் 'பி. முத்து' என்று இருந்தது. அச்சகத்தில் பிழை என்று நினைத்தேன், அப்பாவேதான் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதி அனுப்பினேன்.