மகள் ஓபரா பாடப் போகிறாளாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சர்ச் கொயரில் பாடுகிறாள், டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள், பிளஸ் டூவுக்குப் பிறகு ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடுவதைப் படிக்க ஜெர்மனி போகிறேன் என்கிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் நீங்கள் யூடியூபில் பார்க்கிற இடத்தில் அந்தப் பிழைப்பு இல்லை.

மேடை நடுவில் தனியாகப் பாடுகிறவர்களில் பலர் ஃப்ரீலான்ஸ்காரர்கள். ஒத்திகை வாரக்கணக்கில் நடக்கும். பணமோ பெரும்பாலும் மேடையேறிப் பாடிய நாளுக்குத்தான். அன்று தொண்டை கட்டிக்கொண்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. ஏஜென்ட் கமிஷனும் அதிலிருந்துதான்.

ஜெர்மனியில் கதை வேறு. அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் அங்கே 80 வரை உண்டு, சின்ன ஊர்களில்கூட. அவை பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. 'ஃபெஸ்ட்' ஒப்பந்தம் என்பார்கள். அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்றால் பொதுவாக அக்டோபர் 31-க்குள் சொல்லிவிட வேண்டும். அதனால் அக்டோபர் பிறந்தாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். என்னைக் கேட்டால் கோரஸ், அதாவது மேடையில் குழுவாகப் பாடுவதுதான் நல்ல வேலை. "கூட்டத்தோடு கோவிந்தாவா?" என்று உங்கள் மகள் முகம் சுளிப்பாள். சுளிக்கட்டும். மாதச் சம்பளம், ஒரே ஊரில் வீடு, ராத்திரி நிம்மதியான தூக்கம்.

வயதைப் பற்றிப் பதறாதீர்கள். ஓபராவில் மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். பெண் குரல்களில் உச்சமான சோப்ரானோவில் மெல்லிய குரலே இருபதுகளின் நடுவில்தான் பக்குவப்படும். கனத்த குரல்களுக்கு முப்பதும் ஆகும். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பெரிய ஆரியாக்களை (ஓபராவின் தனிப்பாட்டுகளை) தருகிற ஆசிரியரிடமிருந்து அவளை விலக்கிவிடுங்கள். அதேசமயம், ஜெர்மன் இசைக் கல்லூரிகள் பலவற்றில் பாட்டுப் படிப்புக்கு வயது வரம்பு உண்டு. ரொம்பவும் தள்ளிப்போட முடியாது.

அப்பா இன்ஜினியரிங் என்கிறாராமே. இலங்கை வேர்கள் கொண்ட அமெரிக்க டெனர் (உச்ச ஆண் குரல்) பாடகர் ஷான் பணிக்கரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாட்டோடு சிவில் இன்ஜினியரிங்கும் படிக்கத் தொடங்கியவர்தான். 2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில், இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் ஓபராவில் காந்தியாகப் பாடினார். எந்தப் படிப்பை விட்டார் என்பதை அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

செலவு? அங்கே அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. சாப்பாடு, வாடகைதான் பெரிய செலவு. விசாவுக்கே ஓராண்டுச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? எட்டாம் கிரேடு சான்றிதழை மட்டும் பார்த்து சீட் தர மாட்டார்கள். நுழைவுத் தேர்வில் பாடச் சொல்வார்கள், இசைக் கோட்பாடு கேட்பார்கள், பல இடங்களில் மனப்பாடமாக ஒரு பகுதியைப் பேசிக்காட்டவும் வேண்டும். ஆகவே ஜெர்மன் வகுப்பை இந்த விடுமுறையிலேயே தொடங்கட்டும். பியானோவும் வாசிக்கச் சொல்வார்கள். அவளுக்குப் பியானோ எந்த அளவுக்கு வரும் என்று நீங்கள் எழுதவே இல்லையே.