ரீஃப் தொட்டியில் (பவளம் வளர்க்கும் கடல்மீன் தொட்டி) மணல் நிறம் மாறினால்: எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது?

கேள்வி (சென்னை): கடல்மீன் தொட்டி அமைத்து மூன்று வாரம் ஆகிறது, 200 லிட்டர். வெள்ளை மணல்மேல் காபித்தூள் தூவியதுபோல் பழுப்பு படிந்துவிட்டது. பாசி நீக்கும் பாட்டில் ஒன்றும் புது மணல் மூட்டை ஒன்றும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். புதுத் தொட்டியில் தூளாகப் படிந்து, தொட்டால் புகைபோலக் கலையும் பழுப்பு பெரும்பாலும் டயாட்டம்தான். தண்ணீரில் கரைந்துள்ள சிலிக்கேட்டை எடுத்துத் தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும் நுண்பாசி இது. சிலிக்கேட் தீர்ந்ததும் இரண்டு முதல் ஆறு வாரத்தில் தானாக அடங்கிவிடும். இப்போது புது மணல் கொட்டினால் அதன்மேலும் இதேதான் படியும்.

ஆறு வாரம் தாண்டியும் அடங்கவில்லை என்றால், பெரும்பாலும் தினமும் ஊற்றும் தண்ணீர் வழியாகச் சிலிக்கேட் வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ நம்பி ஏமாறுபவர்கள் இங்கே நிறைய. குடிநீருக்கான ஆர்.ஓ.வில் சுவைக்காக மினரல் கார்ட்ரிட்ஜும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலரும் வைத்திருப்பார்கள். கன்ட்ரோலர் வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை மறுபடி கலந்துவிடும். போர்வெல் தண்ணீரில் சிலிக்கா லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். அதில் ஒரு பங்கு அப்படியே தொட்டிக்குப் போகிறது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். ஆர்.ஓ. மெம்பிரேனிலிருந்து வரும் குழாயை, கன்ட்ரோலரிலும் மினரல் கார்ட்ரிட்ஜிலும் தண்ணீர் சேர்வதற்கு முன்பே பிரித்து, மிச்சமுள்ள உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசின் குடுவைகள் இரண்டின் வழியாக விடுங்கள். கடைசியில் மீட்டர் 0 காட்ட வேண்டும். ஆனால் 0 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ரெசின் களைக்கும்போது முதலில் நழுவுவது சிலிக்கேட். அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பதால் மீட்டரில் தெரியாது. அதனால் முதல் குடுவை நிறம் மாறியதும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, புதியதைக் கடைசியில் மாட்டுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் சிலிக்கேட் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். பாசி நீக்கும் பாட்டிலைவிட அது உருப்படியான செலவு.

கேள்வி (கோயம்புத்தூர்): தொட்டிக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. மணல்மேல் பழுப்பு வழவழப்பு, சளிபோல் நூல்நூலாகத் தொங்குகிறது, நுனியில் காற்றுக் குமிழ்கள். காலையில் மணல் சுத்தமாக இருக்கிறது, மதியம் திரும்ப வந்துவிடுகிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே 0. நத்தைகள் சாகின்றன. வாரம் இருமுறை தண்ணீர் மாற்றியும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பதில்: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு அறிகுறியும் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரைக் காட்டுகிறது. வளர்ப்பவர்கள் சுருக்கமாக டைனோ என்பார்கள். முதலில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். தொட்டியில் சத்து அதிகமாகி வந்த தொல்லை அல்ல இது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0-க்கு இறங்கியபோது மற்றப் பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் ஒடுங்கின. காலியான இடத்தை டைனோ பிடித்துக்கொண்டது. நீங்கள் சுத்தம் செய்யச் செய்ய அதற்கு இன்னும் வசதிதான்.

உறுதிசெய்ய எளிய வழி உண்டு. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் உறிஞ்சி எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். காபி ஃபில்டர் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் கூடினால் டைனோ. சில வகைகள் நச்சுள்ளவை, நத்தைகள் சாவது அதனால்தான். கையுறை போடாமல் தொடாதீர்கள், குழாயில் வாய் வைத்து உறிஞ்சவே வேண்டாம்.

மருந்து தேடுவதற்கு முன் ஒரு மாணவர் மைக்ராஸ்கோப் வாங்குங்கள், அல்லது பள்ளி, கல்லூரியில் கேளுங்கள். 400 மடங்கு பெருக்கத்தில் பார்க்க வேண்டும். கண்ணீர்த்துளி வடிவில், கூர்நுனியைப் பிடித்துக்கொண்டு பம்பரம்போல் சுழன்றால் ஆஸ்ட்ரியோப்சிஸ். முட்டை வடிவில், ஒரு பக்கம் மூக்குபோல் நீட்டிக்கொண்டு வழுக்கி ஓடினால் ஆம்ஃபிடினியம். இந்த வேறுபாடு தெரியாமல், ஓடும் தண்ணீரில் உள்ளதைப் புறஊதாக் கதிரால் கொல்லும் யு.வி. விளக்குக்குப் பணம் கொடுத்து நொந்துபோகிறவர்கள் பலர். ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், யு.வி.யில் மாட்டும். பெரிய ஆம்ஃபிடினியம் இரவிலும் மணலுக்குள்ளேயே இருக்கும். அதற்கு யு.வி. வாங்குவது வீண்செலவு.

எந்த வகையாக இருந்தாலும் சத்தை ஏற்றியாக வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பி.பி.எம். என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆய்வகத் தரப் பொட்டாசியம் நைட்ரேட் 16.3 கிராமை ஒரு லிட்டர் டி.ஐ. நீரில் கரைத்தால், 40 மில்லி 200 லிட்டரில் நைட்ரேட்டை 2 பி.பி.எம். ஏற்றும். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 1.43 கிராமை வேறொரு லிட்டர் நீரில் கரைத்தால், 10 மில்லி பாஸ்பேட்டை 0.05 ஏற்றும். உரக்கடையில் 13-0-45, 0-52-34 என்ற எண்களில் கிடைப்பவையும் இதே உப்புகள்தான். ஆனால் உரத்தில் கலப்படம் என்ன, எவ்வளவு என்று தெரியாது, பவளம் இருக்கும் தொட்டிக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். தொட்டியில் உள்ள பாறைகள் பாஸ்பேட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் ஊற்றியது மறுநாளே காணாமல் போகும், பயப்படாமல் தினமும் அளந்து ஊற்றுங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ.வை எடுத்துவிடுங்கள். நச்சை வாங்கிக்கொள்ள ஆக்டிவேட்டட் கார்பன் மட்டும் ஓடட்டும்.

ஆஸ்ட்ரியோப்சிஸ் என்றால் 200 லிட்டருக்கு 18 வாட் யு.வி. போதும். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) வைக்காமல், மீன் இருக்கும் தொட்டியிலிருந்தே இழுத்து அதிலேயே விடும்படி, மணிக்கு 200 முதல் 600 லிட்டர் ஓட்டத்தில் வையுங்கள். மூன்று நாள் தொட்டியின் வெளிச்ச விளக்கை அணைத்து, அந்த நாட்களில் யு.வி.யை இடைவிடாமல் ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆம்ஃபிடினியம் என்றால் பொறுமைதான் வழி. சிலிக்கேட் கரைசலை வேண்டுமென்றே சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, டயாட்டத்தை வளர்த்து, அதை டைனோவோடு போட்டியிட விடுவார்கள். முதல் கேள்வியில் விரட்டியதை இங்கே கூப்பிடுகிறோம். மாதக்கணக்கில் ஆகலாம், ஆனாலும் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): மணல்மேல் கருஞ்சிவப்புத் தோல்போல் படர்கிறது. உரித்தால் பாயாக வருகிறது. எரித்ரோமைசின் மாத்திரை போட்டால் போய்விடும் என்கிறார்களே?

பதில்: இது சயனோபாக்டீரியா, பாசிபோல் படரும் பாக்டீரியா. மாத்திரை கொல்லும்தான், கூடவே அம்மோனியாவைக் கையாளும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம். மருத்துவர் சீட்டில் மட்டும் வாங்க வேண்டிய ஆன்டிபயாடிக்கைச் சாக்கடையில் விடுவது ஊருக்கும் கேடு. நீரோட்டம் படாத மூலைகளில்தான் இது படரும். பழைய வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள், ஓட்டம் பாதியாகக் குறைந்திருப்பது அப்போதுதான் புரியும். பாயைச் சைஃபனால் உறிஞ்சி எடுங்கள், கையால் கிழிக்காதீர்கள். நைட்ரேட் 0 ஆக இருந்து பாஸ்பேட் மட்டும் ஏறியிருந்தால் நைட்ரேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கடைசிக் கட்டமாக கெமிக்ளீன் போன்ற சயனோ நீக்கும் பொடி வாங்கினால், டப்பாவில் உள்ள அளவை மீறாதீர்கள். கார்பனையும் யு.வி.யையும் நிறுத்தி, காற்றுக்கல்லைக் கண்டிப்பாக ஓட்டுங்கள். செத்த சயனோ அழுகும்போது ஆக்சிஜன் சரியும், மீன்கள் இரவில் மூச்சுத் திணறிச் சாவது இதனால்தான். 48 மணி நேரம் கழித்து 20 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை): கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணலின் அடியில் கறுப்புத் திட்டுகள். கிளறியபோது அழுகிய முட்டை நாற்றம்.

பதில்: இனிக் கிளறாதீர்கள். ஆக்சிஜன் எட்டாத இடத்தில் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகிறது, அது இரும்போடு சேர்ந்த படிவு கறுப்பாகத் தெரிகிறது. மொத்தமாகக் கலக்கிவிட்டால் ஒரே இரவில் மீன் போய்விடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது, ஒரு அங்குலக் குழாயால் படுகையில் நான்கில் ஒரு பங்கு மணலை உறிஞ்சி வெளியேற்றுங்கள். அந்த மணலை அலசித் திரும்பப் போடும் எண்ணம் வேண்டாம். 2 முதல் 4 சென்டிமீட்டர் ஆழமுள்ள படுகையைச் சுத்தமாக வைத்திருக்கலாம். 10 சென்டிமீட்டருக்கு மேல் திட்டமிட்டுப் போடும் ஆழப்படுகை வேறு முறை. இரண்டுக்கும் நடுவே 6, 7 என்று போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். வெளிச்சம் படும் மேல் ஓரத்தில் கண்ணாடியை ஒட்டித் தெரியும் பச்சைக் கோட்டுக்கு எதுவும் செய்ய வேண்டாம், அது வெறும் பாசி.

மணல் கிளறும் நட்சத்திரமீன் வாங்கச் சொல்வார்கள். 200 லிட்டர் அளவுத் தொட்டியில் அது சில மாதங்களில் பட்டினியால் இளைத்துச் சாகும், விற்பவர் அதைச் சொல்வதில்லை. நாசாரியஸ் நத்தை நாலைந்து போதும்.

கேள்வி (தூத்துக்குடி): கடற்கரை மணல் இலவசமாக இருக்க, மூட்டைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? வாங்கினால் எவ்வளவு?

பதில்: நம் கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தென்கோடியில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் கலந்திருக்கும். வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு வகை, பேசாமல் இருந்தால் குவார்ட்ஸ். ரீஃப் தொட்டிக்கு வேண்டியது அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல். பவளத் துண்டுகளைப் பொறுக்கி இடிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் பொருந்தும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா உங்கள் வாசலில்தான் இருக்கிறது.

90-க்கு 45 சென்டிமீட்டர் தரையில் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 16.2 லிட்டர் மணல் வேண்டும், ஏறக்குறைய 24 கிலோ. பரல் 1 முதல் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். சர்க்கரைபோல் பொடியானது வேவ்மேக்கர் ஓட்டத்தில் கிளம்பிப் பவளத்தின்மேல் விழும். நல்ல பாக்டீரியா உள்ள 'லைவ் சாண்ட்' ஈரப் பைக்குக் கூடுதலாகக் கொடுக்கும்போது, பையின் எடையில் ஒரு பங்கு உப்புத் தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள். உலர்ந்த மணலும் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடியும் சேர்ந்தால் அதே வேலை நடக்கும், அந்தத் தொட்டியில் டைனோ இல்லாத பட்சத்தில். இறக்குமதிப் பையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்க வேண்டும். சிறு கவரில் பிரித்துக் கட்டி, அரகோனைட் என்று பேனாவால் எழுதித் தருவதை வாங்காதீர்கள். பில் வாங்கிக்கொள்ளுங்கள். வினிகரில் பொங்காத மணலைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.