லைபேஸ் குறைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதா?

கணைய அழற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு வயிறு, குடல் நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு வயது 38. மேல்வயிற்றில் திடீரென்று வலி வந்து முதுகு வரைக்கும் பரவியது. மருத்துவமனையில் சேர்த்தோம், கணைய அழற்சி என்றார்கள். முதல் நாள் லைபேஸ் (கணையம் சுரக்கும் நொதி) 3,400. மூன்றாம் நாள் 900. அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்ட அன்று மாலையே அவனை ஐ.சி.யு.வுக்கு மாற்றிவிட்டார்கள். எண் இறங்கும்போது நோய் எப்படி முற்றும்? எங்களிடம் எதையாவது மறைத்தார்களா? இப்போது வீட்டுக்கு வந்து நன்றாக இருக்கிறான். ஆனால் இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

பதில்: அம்மா, தம்பி வீடு திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சி. யாரும் எதையும் மறைத்ததாக உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் நாளே உங்களை உட்கார வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்: லைபேஸ் நோயைக் கண்டுபிடிக்க உதவும்; நோயின் கடுமையைச் சொல்லாது.

கணைய அழற்சிக்குரிய வலி, இயல்பின் உச்ச அளவைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ லைபேஸ் அல்லது அமிலேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. அத்துடன் லைபேஸின் வேலை முடிந்தது. மூன்று மடங்கா, முப்பது மடங்கா என்பதை வைத்து நோயாளியின் கதி என்ன என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் லைபேஸ் இருந்தவர் சில நாட்களில் நடந்தே வீட்டுக்குப் போவதையும், சில நூறுகளே இருந்தவர் செயற்கை சுவாசத்துக்குப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் ரத்தத்தில் கசிந்த நொதி, நோய் எந்தப் பக்கம் போனாலும் நாளாக ஆகக் குறையத்தான் செய்யும். ஆகவே நோய் உறுதியான பிறகு என் வார்டில் லைபேஸை மறுபடி எடுக்கச் சொல்வதில்லை. உறவினர்கள் தினமும் கேட்கிறார்கள். அவர்கள் காதில் முதலில் விழுந்த எண் அதுதானே. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கடுமையைத் தீர்மானிப்பவை மற்ற உறுப்புகள். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் பார்க்கிறோம். எந்த உறுப்பும் தளராமல், கணையத்தைச் சுற்றியும் சிக்கல் இல்லாமல் இருந்தால் அது லேசான வகை. நோயாளிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் இந்த வகைதான். உறுப்புத் தளர்ச்சி வந்து 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டால் நடுத்தரம். 48 மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால் கடுமையான வகை. உயிருக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். உங்கள் தம்பியை அன்று மாலை மாற்றியவர்கள் அவர் மூச்சையோ சிறுநீரின் அளவையோ ரத்த அழுத்தத்தையோ பார்த்து மாற்றியிருப்பார்கள். லைபேஸைப் பார்த்துக் காத்திருந்தால் நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

அப்படியானால் எந்த ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பது? என்னிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் யூரியாவைத்தான் சொல்வேன். மிகச் சாதாரணமான, எந்தச் சிறிய ஆய்வகத்திலும் கிடைக்கும் பரிசோதனை. கணையம் வெந்து வீங்கும்போது உடல் முழுக்க உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சல்லடைபோல் ஆகி, நீர் வெளியே கசிகிறது. மிஞ்சும் ரத்தம் தடிக்கிறது, சிறுநீரகத்துக்குப் போதுமான ஓட்டம் கிடைப்பதில்லை, யூரியா ஏறுகிறது. சேர்க்கும்போது யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்து, 24 மணி நேரம் சலைன் கொடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போனால் எனக்குக் கவலை வந்துவிடும். பல ஆய்வகங்கள் யூரியா நைட்ரஜனைத் தராமல் மொத்த யூரியாவை அச்சிடுகின்றன. அந்தக் கணக்கில் 20 என்பது ஏறக்குறைய 43. எந்த அளவு அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம்.

அதே கசிவின் இன்னொரு முகம் ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. 44 சதவீதத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்து, ஒரு நாள் சிகிச்சைக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் கணையத் திசு அழுகும் அபாயம் கூடுகிறது. ரத்தசோகை உள்ளவரிடம் இந்த எண் ஏமாற்றும். வழக்கமாக 30 இருப்பவருக்கு 38 என்பதே தடித்த ரத்தம். பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்பாவுக்கு முதல் ஆய்வகத்தில் சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) 12 என்று வந்தது. மறுநாள் வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே 130 என்றார்கள். ஒரே இரவில் பத்து மடங்கா? பயந்துபோனோம்.

பதில்: பெரும்பாலும் ஏறியது கொஞ்சம்தான். சி.ஆர்.பி.யைச் சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் கணக்கிலும் சில லிட்டர் கணக்கிலும் தருகின்றன. டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 120. எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

சி.ஆர்.பி.யைக் கல்லீரல் செய்கிறது. அழற்சியின் தகவல் அங்கே போய்ச் சேர்ந்து அளவு ஏற நேரம் பிடிக்கும். ஆகவே வலி தொடங்கிய சில மணி நேரத்தில் எடுத்த சி.ஆர்.பி. குறைவாக இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 48 மணி நேரம் ஆகும்போது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் நோய் கடுமையாகலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த 48 மணி நேரத்தை மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. வலி தொடங்கிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். வலியை இரண்டு நாள் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வியே ‘வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது?’ என்பதுதான். வீட்டில் இருப்பவர்கள் அதைக் குறித்து வைத்திருந்தால் பேருதவி.

கேள்வி: இணையத்தில் பார்த்து அம்மாவுக்கு ரான்சன் மதிப்பெண் போட்டேன், மூன்று வருகிறது. இன்டர்லூக்கின்-6 (அழற்சியைக் காட்டும் இன்னொரு புரதம்) பரிசோதனை இன்னும் துல்லியமானது என்றும் படித்தேன். டாக்டர் அதை எடுக்கவில்லை. வற்புறுத்தலாமா?

பதில்: அம்மாவுக்காக நீங்கள் இவ்வளவு படித்ததை மதிக்கிறேன். ரான்சன் என்பது இந்த நோய் எவ்வளவு கடுமையாகும் என்று கணிக்க 1974இல் வந்த அளவுகோல். மொத்தம் 11 அம்சங்கள்: ஐந்தைச் சேர்க்கும்போதும் ஆறை 48 மணி நேரத்திலும் பார்க்க வேண்டும். முழுக் கணக்கு வர இரண்டு நாள் ஆகும். பித்தப்பைக் கல்லால் வந்த நோய்க்கு அதன் எல்லை எண்களும் வேறு. நீங்கள் எந்தப் பட்டியலை வைத்துப் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாததால் அந்த மூன்றை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

படுக்கையருகில் எனக்குக் கைகொடுப்பது 2008இல் வந்த பிசாப் என்ற மதிப்பெண் முறை. யூரியா நைட்ரஜன் 25க்கு மேல், மனத்தெளிவு குறைதல், உடல் முழுவதுமான அழற்சியின் அறிகுறிகள், வயது 60க்கு மேல், நுரையீரல் உறையில் நீர் என்று ஐந்தே கேள்விகள். முதல் நாளிலேயே போட்டுவிடலாம். ஐந்தில் ஒன்றுதான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை மட்டுமே நம்பியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மற்றவற்றுக்கு நோயாளியைப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும்.

இன்டர்லூக்கின்-6 சி.ஆர்.பி.க்கு முன்பே ஏறுவது உண்மை. ஆனால் அதன் முடிவு கைக்கு வந்தாலும் சிகிச்சையில் நான் மாற்றுவது ஒன்றுமில்லை. யூரியாவையும் மூச்சையும் பார்த்து ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைத்தான் தொடர்வேன். வற்புறுத்த வேண்டாம். அதற்குப் பதிலாக ‘நேற்றைக்கு இன்று யூரியாவும் கிரியேட்டினினும் எப்படி இருக்கின்றன? ஆக்சிஜன் தேவைப்படுகிறதா?’ என்று கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் இதற்கு நின்று பதில் சொல்வார்.

கேள்வி: நான் செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். யூரியா ஏறினால் சலைனை வேகமாக ஓடவிடலாமா? கால்சியம் குறைவதை ஏன் கெட்ட அறிகுறி என்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்விகள், தங்கையே. ஒரு காலத்தில் சலைனைக் கொட்டு கொட்டென்று கொட்டினோம். 2022இல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வு அதை மாற்றியது. வேகமாகத் திரவம் ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிகுந்தது. நிதானமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம். வேகத்தால் நன்மையும் தெரியவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இப்போது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை அளவாக ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பார்த்து வேகத்தைத் திருத்துகிறோம். நீங்கள் எழுதும் சிறுநீர் அளவு இங்கே எந்த ரிப்போர்ட்டுக்கும் குறைந்ததல்ல. எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் கீழே போனால் காலை ரவுண்டுக்காகக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கால்சியம்: லைபேஸ் சுற்றியுள்ள கொழுப்பைச் சிதைக்கிறது, வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழே போவது ரான்சன் பட்டியலிலேயே உண்டு. ஆனால் ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்தாலும் மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: கணவருக்குக் காய்ச்சலும் வெள்ளணு 17,000மும் இருந்தும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. இது அலட்சியமில்லையா?

பதில்: இல்லை. முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் கிருமி இல்லாத அழற்சியால் வருவது. வெள்ளணுவும் அதனாலேயே ஏறும். தொற்று வராமல் தடுக்கவென்று முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பயன் தருவதில்லை. தொற்றுச் சந்தேகம் வரும்போது, பாக்டீரியாத் தொற்றில் ஏறும் புரோகால்சிடோனினை ரத்தத்தில் பார்ப்பது உதவுகிறது. 2022இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் அதைப் பார்த்து முடிவெடுத்தபோது ஆன்டிபயாட்டிக் வாங்கியவர்கள் 63 சதவீதத்திலிருந்து 45ஆகக் குறைந்தார்கள், தொற்று கூடவில்லை. முதல் வாரத்துக்குப் பிறகு, தேறி வந்தவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் அது வேறு கதை. உடனே தேட வேண்டும்.

கேள்வி: குணமாகி வந்துவிட்டேன். மாதந்தோறும் லைபேஸ் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வலி திரும்ப வந்தால் மட்டும் பாருங்கள். நோய் ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதற்கு அந்தச் செலவைத் திருப்புங்கள். பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு (டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் அதுவே காரணமாகலாம்), கால்சியம் ஆகியவற்றைப் பாருங்கள். கல்தான் காரணம் என்றால் பித்தப்பையை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். லேசான நோயில் அதே சேர்க்கையிலேயே எடுத்துவிடுவது நல்லது. மது, புகை இரண்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.