விரிவதற்குப் பதில் இறுகும் குழாய்கள்

கேள்வி: கடும் அலர்ஜியில் ரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்குகிறது என்கிறார்கள். நுரையீரலிலும் குழாய்கள் விரிந்தால் ரத்த ஓட்டம் கூடத்தானே வேண்டும்? அப்புறம் ஏன் உயிருக்கு ஆபத்து? அலர்ஜி மாத்திரையை உடனே விழுங்கினால் போதாதா?

பதில்: போதாது. முதல் கேள்வியின் அடிப்படையே பிசகு. விரிவது உடம்பின் மற்ற பகுதிகளில். அங்கே நுண்குழாய்களும் கசிவதால், 10 நிமிடத்துக்குள் ரத்த ஓட்டத்திலுள்ள திரவத்தில் 35 சதவீதம் வரைகூடத் திசுக்களுக்குள் போய்விடலாம். நுரையீரலில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கலாம். அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் லூக்கோட்ரையீன், திராம்பாக்சேன் போன்ற ரசாயனங்கள் அங்குள்ள குழாய்களை இறுக்கும். எல்லா உயிருக்கும் ஒரே அளவில் அல்ல: சோதனைக்கூடத்தில் முயலைச் சாய்ப்பது இந்த இறுக்கம்தான், கினிப் பன்றியைக் கொல்வது மூச்சுக்குழாய்ச் சுருக்கம். மனிதரிலும் உண்டு. இதய அறுவையின் முடிவில், ரத்தம் உறையாமலிருக்கத் தந்த ஹெபாரினை முறிக்கத் தரும் புரோட்டமின் என்ற மருந்து, அரிதாகச் சிலருக்கு நுரையீரல் தமனி அழுத்தத்தைச் சட்டென்று எகிற வைக்கும்.

இதயத்தின் வலது கீழறைக்குச் சுவர் மெல்லியது. திடீர் எதிர்ப்பைத் தாங்காது. அது உப்பி நடுச்சுவரை இடப்புறம் நெருக்கும். இடது கீழறைக்கு நுரையீரல் வழியே வரவேண்டிய ரத்தமும் குறையும். வெளியே கசிவு, உள்ளே அடைப்பு: பிரஷர் எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு மூச்சுக்குழாய் சுருங்கும், தொண்டை வீங்கும்.

மாத்திரை, அலர்ஜி ரசாயனங்களில் ஒன்றான ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும், அதுவும் தாமதமாக. அரிப்புக்கும் தடிப்புக்கும் சரி. உயிர் காக்க அட்ரினலின் ஊசிதான். கிலோவுக்கு 0.01 மி.கி., பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி. (1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள மருந்தில் அரை மி.லி.), தொடையின் வெளிப்புறத் தசையில். குணம் தெரியாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொரு முறை. தோலுக்கடியில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். அதே அடர்த்தியில் நேரே ரத்தநாளத்துக்குள் தள்ளினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இந்தத் தவறு ஆஸ்பத்திரிகளிலேயே நடப்பதுண்டு.

ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரலாம். ‘கொஞ்சம் தேவலை’ என்று எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். இதயத்துக்குத் திரும்பும் கொஞ்சநஞ்ச ரத்தமும் காலில் தங்கி, அந்த நிமிடமே இதயம் நின்றவர்கள் உண்டு. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அவருக்கு அட்ரினலின் சரியாக எடுபடாமல், குளுக்ககான் என்ற வேறு மருந்து தேவைப்படலாம்.