கடைவாய்ப் பல் பிடுங்கினால் எத்தனை நாளைக்கு நோ இருக்கும்?

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள், பிறகு எத்தனை நாளைக்கு நோ இருக்கும், எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்காக ஆறினால் இரண்டு மூன்று நாளில் நோ நன்றாகக் குறைந்துவிடும். எனக்குப் பத்து நாள் ஆனது. அது பல் பிடுங்கியதால் வந்த நோ இல்லை, வீட்டுக்கு வந்து நான் செய்த வேலையால் வந்தது.

நான் முரசுமோட்டையில் வயல் செய்கிறேன். பல் உளைவெடுக்கும்போதெல்லாம் கராம்பை நசுக்கி வைத்து, இரண்டு பனடோல் போட்டு இரண்டு வருடம் தள்ளிவிட்டேன். காலபோக நெல் வெட்டு நேரம் பார்த்துக் கன்னம் வீங்கிவிட்டது. கிளிநொச்சிக்குப் போனேன். அன்றைக்கே பிடுங்கவில்லை. ஐந்து நாளைக்குக் குளிசை தந்து, வீக்கம் வற்றிய பிறகு வரச் சொன்னார்கள்.

பிடுங்கும்போது நோகுமா என்று பயப்படவே வேண்டாம். விறைப்பூசி ஏறும்போது சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். பிறகு அமத்துவதும் இழுப்பதும் தெரியும், நோ தெரியாது. நொந்தால் கையை உயர்த்துங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். விறைப்பு விடும்வரை சூடான தேத்தண்ணி குடிக்காதீர்கள். வாய் வெந்தாலும், உதட்டைக் கடித்தாலும் தெரியாது.

பிழை நடந்தது அன்று பின்னேரம். மாமி உப்புத் தண்ணி கொதிக்க வைத்து, "நல்லாக் கொப்பளியுங்கோ தம்பி, புண் கெதியா ஆறும்" என்று தந்தார். அன்பாகத்தான் தந்தார். நானும் பலமாகக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் வெட்டு. நெல் மூட்டை தூக்கினேன், இடையில் வெற்றிலையும் போட்டேன்.

மூன்றாம் நாள் இரவு காது வரைக்கும் குத்தத் தொடங்கியது. பனடோலுக்கு அடங்கவில்லை, வாயில் கெட்ட மணம். விடிய விடிய இருந்துவிட்டுத் திரும்பவும் போனேன். டொக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: "இரத்தக்கட்டி கழன்று போயிட்டுது அண்ணா. எலும்பு வெளியில தெரியுது." பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து மூடி போல இருக்கும். அதற்குக் கீழேதான் புதுச் சதை வளரும். அது போனால் எலும்பு திறந்து கிடக்கும். இதை டிரை சொக்கெட் என்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் கூடுதலாக வரும். குழியைக் கழுவி, மருந்து வைத்த துண்டொன்றை உள்ளே வைத்தார். அதே கராம்பு மணம்! அந்த மருந்தில் கராம்புத் தைலத்தின் சத்துத்தான் இருக்கிறதாம். அரை மணி நேரத்தில் உயிர் வந்தது. அதற்காக வீட்டில் நீங்களே கராம்பைக் குழிக்குள் திணிக்க வேண்டாம்.

ஆகவே முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள். இளநீர் குடித்தாலும் ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சாமல் கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட், சுருட்டு, வெற்றிலை, சாராயம் ஒன்றும் கூடாது. அடுத்த நாளிலிருந்து ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, வாயில் மெதுவாக வைத்திருந்து தானாக வழிய விடுங்கள். எச்சில் ஒரு நாளைக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், பயமில்லை. இரத்தம் சிந்திக்கொண்டே இருந்தால் சுத்தமான துணியை மடித்து அரை மணி நேரம் கடியுங்கள். நிற்காவிட்டால் உடனே போய்விட வேண்டும். காய்ச்சல் வந்தாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஆறின கஞ்சி, சொதியில் ஊறவிட்ட இடியப்பம், எருமைத் தயிர் எல்லாம் நல்லது. மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள்.

சீனி வருத்தம், இருதய வால்வு வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை என்று ஏதாவது இருந்தால் பிடுங்க முதலே சொல்லிவிடுங்கள். அந்தக் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பனடோல் 500 மில்லிகிராம் என்றால் ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்காக ஒன்று. வெற்றிலை, புகையிலை போடுபவருக்குப் பல் பிடுங்கிய புண் மூன்று கிழமை தாண்டியும் ஆறாவிட்டால், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். கட்டாயம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இருந்து செய்யும் வேலை என்றால் அடுத்த நாளே போகலாம். தூக்கிப் பறிக்கும் வேலை என்றால் மூன்று நாளாவது விடுங்கள். இன்னொன்று, முடிந்தால் திங்கட்கிழமை பிடுங்குங்கள். வெள்ளிக்கிழமை பிடுங்கினால் அந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும், பல் வைத்தியரைத் தேடி அலைய வேண்டும்.