ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் ஓடியும், அந்த வெந்நீரால் அறையைச் சூடாக்கும் மாடி அறை ரேடியேட்டர் சரியாகச் சூடாகவில்லை, உள்ளே சலசலவென்று சத்தம் வேறு, இது காற்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காற்றுதான். ஆனால் எதையும் திருகும் முன் ரேடியேட்டரைக் கையால் தடவிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

காற்று தண்ணீரைவிட லேசானது, மேலே போய்த் தங்கிவிடும். அதனால் மேல்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சூடாக இருந்தால் காற்று. மேலே சூடாக இருந்து அடியில் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே துருச் சேறு படிந்திருக்கிறது. காற்றை எத்தனை முறை வெளியேற்றினாலும் அது தீராது. முழுவதுமே குளிர்ந்திருந்தால் முதலில் வால்வைப் பாருங்கள்.

காற்றுதான் என்றால், ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். மேல் ஓரத்துத் திருகை அதற்கான சாவியால் மெல்லக் கால் சுற்று திறந்தால் உஸ்ஸென்று காற்று வரும். தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். அப்புறம் அழுத்தமானியைப் பாருங்கள்: மூடிய அமைப்பு (வெளிக்காற்று படாமல் தண்ணீர் அழுத்தத்தில் சுற்றுவது) குளிர்ந்திருக்கும்போது பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) காட்ட வேண்டும்.

இதோடு சரியானால் நல்லது. திரும்பத் திரும்பக் காற்று சேர்ந்தால்தான் கவனம் தேவை. கூடவே அழுத்தமும் இறங்கினால் எங்கோ கசிவு. அழுத்தம் இறங்காமல் கறுப்புத் தண்ணீர் வந்தால், உள்ளே இரும்பு அரித்து ஹைட்ரஜன் உண்டாகிறது என்று சந்தேகிக்கலாம். அது எரியும் வாயு, திறக்கும்போது பக்கத்தில் நெருப்பே கூடாது. அந்த நிலையில் ஆளை அழைத்து முழு அமைப்பையும் கழுவி, அரிப்புத் தடுப்பு திரவம் சேர்க்கச் சொல்லுங்கள்.