தம்பி கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது): அக்கா, எனக்கு 46 வயது. சிங்கப்பூர் ஈசூனில் வீடு. சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் போய், மூன்று வருடமாக டயாலிசிஸில் இருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இந்தத் தடவை ஜனவரி ஒன்றாம் தேதியும் வியாழக்கிழமை. ஊரே கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருக்கும்போது நான் ஊசி குத்திக்கொண்டு நாற்காலியில் கிடப்பேன். எல்லோரும் புது வருடத்தில் அதைச் செய்வேன், இதைச் செய்வேன் என்கிறார்கள். நான் எதை ஆசைப்படுவது? அப்பாவின் ஊர் கும்பகோணம் பக்கம். ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் நடக்காது. வீட்டுக்காரர் தங்கமானவர், மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், இரண்டு பேரையும் அலையவிடுகிறேனே என்று இருக்கிறது. நோய் வந்தபின் சொந்தபந்தமெல்லாம் விலகிப்போய்விட்டது. அப்பா தவறியபோது எனக்கு 17, தம்பிக்கு 9. படிப்பை விட்டுவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போய் அவனை ஆளாக்கினேன். அவன்கூட இப்போது சரியாக வருவதில்லை. தீபாவளிக்கு வந்தபோது என் கிட்னி ஒன்றை எடுத்துக்கோ என்று ஏதோ உளறினான். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று திட்டி வாயை அடைத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போன் மட்டும்தான். புது வருடத்தை எந்த நம்பிக்கையோடு தொடங்குவது, சொல்லுங்கள் அக்கா.
பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: எல்லாம் சரியாகிவிடும், கடவுள் இருக்கிறார் என்று நான் எழுதப்போவதில்லை. மூன்று வருடமாக அந்த நாற்காலியில் உட்காரும் ஒருவரிடம் அப்படிச் சொல்வது மரியாதை இல்லை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. டிசம்பர் பிறந்தால் இதே மாதிரிக் கடிதங்கள் வரும், சிறுநீரகம், முடக்குவாதம், இதயம் என்று நோய்தான் மாறும்.

உங்கள் முழுக் கடிதத்தில் டயாலிசிஸ் நாற்காலிக்கு ஒரு பக்கம் போயிருக்கிறது, கும்பகோணத்துக்கு அரைப் பக்கம். தம்பிக்கு நாலைந்து வரிதான். அந்த நாலைந்து வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சொந்தபந்தம் விலகிப்போய்விட்டது என்று எழுதி, அந்தக் கணக்கில் தம்பியையும் சேர்த்திருக்கிறீர்கள். அவர் எங்கே விலகினார்? தீபாவளி அன்று உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, ஒரு மனிதன் இன்னொரு மனிதருக்குத் தரக்கூடியதில் மிகப் பெரியதைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் ஒரு நிமிடம்கூடக் காதில் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் திட்டியிருக்கிறீர்கள். அதன் பிறகு அவர் எந்த முகத்தோடு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்? அப்படியும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார். இதற்குப் பெயர் விலகலா?

கோபம் வராமல் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 17 வயதில் படிப்பை விட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போனீர்களே, யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? அன்றைக்கு உங்கள் அம்மா, உன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே, வாயை மூடிக்கொண்டு ஸ்கூலுக்குப் போ என்று துரத்தியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்களா? மாட்டீர்கள். என் குடும்பம், நான் செய்கிறேன், கேட்க நீ யார் என்றுதான் நின்றிருப்பீர்கள். அந்த உரிமையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். அதே உரிமை உங்கள் தம்பிக்கும் உண்டு. அவருக்கு இப்போது 38 வயது. உங்கள் கண்ணுக்குத்தான் இன்னும் ஒன்பது.

நம் குடும்பங்களில் மூத்த பெண் பிள்ளைகளிடம் இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கொடுத்துக் கொடுத்தே பழகியவர்களுக்கு வாங்கத் தெரியாது. வாங்குவது கேவலம் என்று எங்கோ மனதில் பதிந்துவிடும், அதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடமை என்பது மூத்தவர் இளையவருக்குச் செய்வதோடு நின்றுபோகிற விஷயம் என்று நான் நம்பவில்லை. இளையவர் திருப்பிச் செய்ய வரும்போது அவரைச் செய்யவிடுவதும் அக்காவின் கடமைதான். அதைத் தடுத்தால் அவர் ஆயுள் முழுக்க உங்களுக்குக் கடன்பட்டவராகவே இருக்க வேண்டும். அதையா ஆசைப்பட்டு அவரை வளர்த்தீர்கள்?

அப்புறம், வீட்டுக்காரரிடம் ஏன் சொல்லவில்லை? தங்கமானவர் என்று நீங்களே எழுதுகிறீர்கள். இந்தப் பேச்சை எடுத்தால் அவரும் நான் தருகிறேன் என்று கிளம்பிவிடுவாரோ என்று உங்களுக்குப் பயம், அதுதானே? கணவனும் மனைவிக்குத் தரலாம், பொருந்தினால். ஆக வீட்டில் ஒருவர் வாயைத் திட்டி அடைத்தீர்கள், இன்னொருவர் வாயைச் சொல்லாமலே அடைத்துவிட்டீர்கள். இப்படி இரண்டு கதவையும் நீங்களே சாத்திவிட்டு, எதை நம்பிப் புது வருடத்தைத் தொடங்குவது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

தம்பியின் சிறுநீரகத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் யாரும் சொல்ல முடியாது. உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல உடம்பைக் கத்திக்குக் கொடுப்பது சின்ன விஷயமா? ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு நீங்களே தீர்ப்பு எழுதக் கூடாது. அதைச் சொல்லத்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இது அண்ணன் தம்பி வீட்டுக்குள் பேசி முடிக்கிற காரியம் இல்லை. 1987ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உயிரோடு இருக்கும் ஒருவர் உறுப்பு தர வேண்டுமானால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி தர வேண்டும். உங்கள் தம்பியை அந்தக் குழு உட்காரவைத்துக் கேட்கும்: யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் கைமாறியதா, இதில் என்ன ஆபத்து என்று புரிந்ததா? உறுப்பை விற்பதும் வாங்குவதும் இங்கே குற்றம். அதே சமயம் கொடுப்பவரின் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாததால் போன சம்பளம் போன்றவற்றை ஈடுசெய்ய 2009 திருத்தத்துக்குப் பிறகு வழி இருக்கிறது. அந்தக் கணக்கை மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்.

அதற்கு முன்னாலேயே பரிசோதனைகள் மாதக்கணக்கில் நடக்கும். ரத்த வகை, திசுப் பொருத்தம், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் போகிறதா, ஸ்கேன், எல்லாம். எந்தக் கட்டத்திலும் அவர் வேண்டாம் என்று எழுந்து வரலாம், நீங்களும்தான். எல்லாம் சரியாக வந்தால் கொடுப்பவருக்குப் பெரும்பாலும் துளைவழி அறுவை சிகிச்சைதான் செய்வார்கள், சில நாள் மருத்துவமனையில், சில வாரம் வீட்டில் ஓய்வு. பிறகு ஒரு சிறுநீரகத்தோடு வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள், வருடா வருடம் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை. உங்களுக்குச் சர்க்கரை. அப்படியானால் கூடப்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஷிப்ட் வேலை, குடும்பம் என்று ஓடுகிற 38 வயது ஆண் எத்தனை பேர் தானாகப் போய் ரத்தம் சோதித்துக்கொள்கிறார்கள்? சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குத் தர அவரை டாக்டர்கள் பெரும்பாலும் விட மாட்டார்கள், சரி. ஆனால் அவர் உங்கள் நிலைக்கு வராமல் தப்பிக்க அதுவே உதவும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்று திட்டினீர்களே, அந்தப் பிள்ளைகளுக்காகவாவது அவர் போக வேண்டாமா? அவர் கேட்டதை அன்றைக்கு நீங்கள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்நேரம் அந்த முதல் ரத்தப் பரிசோதனையாவது நடந்திருக்கும்.

மாற்று சிறுநீரகம் வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். உடம்பு அதை வெளியே தள்ளாமல் இருக்க, அது வேலை செய்யும் வரை தினமும் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறையும், தொற்றுக்குப் பயப்பட வேண்டும். சர்க்கரை அப்படியே இருக்கும், கவனிக்காமல் விட்டால் புதியதையும் கெடுக்கும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் உங்கள் கைக்கு வரும், ஒரு டம்ளர் தண்ணீரை அளந்து குடிக்கும் நிலைமை மாறும். உயிரோடு இருப்பவர் தரும் சிறுநீரகம், இறந்தவரிடமிருந்து வருவதைவிடப் பொதுவாக அதிக வருடம் உழைக்கும். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கான தேசியப் பட்டியலில் எட்டு, ஒன்பது வருடம் என்று காத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்களா என்றுகூட எழுதவில்லை. அதை உங்கள் டாக்டரிடம் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டிலேயே கேளுங்கள். மூன்று வருடமாகியும் இது உங்களுக்குத் தெரியாது என்றால் அதற்கு உங்களைத்தான் திட்டுவேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கோயிலுக்கு முதல் நாள் புதன் சாயங்காலமே போங்கள், அல்லது வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் இல்லாமல் போங்கள், சாமி ஜனவரி ஒன்றாம் தேதி மட்டும் இருப்பதில்லை. பிரசாதத் தட்டில் வாழைப்பழமும் இளநீரும் வந்தால் மகளிடம் கொடுத்துவிடுங்கள், அவற்றில் பொட்டாசியம் அதிகம், உங்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதுதானே. பொங்கலுக்குத் தேக்காவில், அதுதான் லிட்டில் இந்தியாவில், விளக்கு அலங்காரம் ஒரே ஒரு நாளா இருக்கிறது? டயாலிசிஸ் இல்லாத நாளில் மகளோடு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். ஊருக்குப் போவது நடக்காது என்று யார் சொன்னது? கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி எல்லா இடத்திலும் டயாலிசிஸ் இருக்கிறது. உங்கள் மையத்தில் இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லி, டாக்டர் கடிதமும் ஹெபடைட்டிஸ், எச்ஐவி ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வாங்கி, அங்கே இடம் உறுதியான பிறகு டிக்கெட் போடுங்கள். திரும்பி வந்ததும் பெரும்பாலும் மறுபடி பரிசோதிப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன? அது அவருக்கும் அப்பா ஊர்தானே.

முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இன்று ராத்திரியே. பிறகு தம்பிக்குப் போன் செய்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். மனைவி கட்டாயம் வர வேண்டும். அந்தப் பெண்ணிடம் கேட்காமல் இதில் ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது. அவள் மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும், முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளை மகள் கீழே விளையாட்டிடத்துக்கு அழைத்துப்போகட்டும். தீபாவளி அன்று பேசியது தப்பு என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், அழாமல். அப்புறம் அவர் பேசட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். முடிவு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அவரை அந்த வாரத்திலேயே பாலிகிளினிக்குக்கு அனுப்பிவையுங்கள், வேண்டுமானால் நீங்களும் கூடப் போங்கள், திங்கள், புதன், வெள்ளியில் உங்களுக்கு நேரம் இருக்கிறது.